கடப்பும் மதிலும்: கல்முனைக் கரையில் வீட்டுக் காவல் மாறிய விதம்

இலங்கையின் கிழக்கே, அம்பாறை மாவட்டத்தின் கடலோரமாக மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே பொத்துவில் வரை நீளும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களின் தெருக்களில் இன்று நடப்பவரின் கண்ணில் முதலில் படுவது மதில்தான். வீடு அதற்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. ஆளுயரத்தைத் தாண்டி எழுப்பி, மேல்விளிம்பில் போத்தல் துண்டுகளோ கூர்க்கம்பியோ பதித்து, உள்ளே இருப்பது தெரியாதபடி தகடடித்த இரும்புக் கேற் போட்டு, அதற்கு மேலே ஒரு கமெராவையும் பொருத்திய வீடுகள் ஒவ்வோர் ஊரிலும் பெருகிவருகின்றன. அரை நூற்றாண்டுக்கு முன் இதே காணிகளைச் சுற்றி நின்றவை பெரும்பாலும் தென்னோலையை முடைந்து கட்டிய கிடுகு வேலிகள். இம்மாற்றத்தை வசதி பெருகியதன் அடையாளமாகக் காண்போரும் உண்டு. கள்வருக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடாகக் காண்போரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால், வீட்டை யாரிடமிருந்து, எதைக்கொண்டு காப்பது என்ற கேள்விக்கு இக்கரை மக்கள் தொழில் தேடிச் சென்ற நாடுகள் தத்தமக்குரிய விடைகளை வைத்திருந்தன என்பதும், அவ்விடைகளுள் ஒன்றின் வடிவம் மட்டும் அதன் காரணத்தை அங்கேயே விட்டுவிட்டு இங்கு வந்து சேர்ந்தது என்பதும் அவ்விரு விளக்கங்களிலும் அகப்படுவதில்லை.

பெண்ணின் வீடு

கிழக்குக் கரையின் முஸ்லிம்களும் அவர்களின் அயலவரான தமிழரும் நெடுங்காலமாகத் தாய்வழிக் குடி முறையைப் பின்பற்றி வந்துள்ளனர். குடி என்பது தாயின் வழியே பிள்ளைக்கு வரும் வம்சக் குழு. ஒரே குடிக்குள் மணம் முடிப்பது வழக்கமில்லை. இம்முறையின் அச்சாக இருப்பது வீடு. மகளுக்குச் சீதனமாக வீட்டைப் பெற்றோர் கொடுப்பர். மாப்பிள்ளை அவ்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மூத்த மகளுக்குப் பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்துவிட்டு, அதே வளவில் அல்லது அடுத்த வளவில் இளைய மகளுக்கென்று கட்டும் வீட்டுக்கு மாறுவதும், அவளுக்கும் மணமானபின் மறுபடி நகர்வதும் பரவலாக இருந்த ஒழுங்கு. வளவு என்பது வீடு, கிணறு, மரங்கள், முற்றம் அனைத்தையும் உள்ளடக்கிய குடியிருப்புக் காணியைக் குறிக்கும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் களஆய்வு செய்து 2008இல் வெளியிட்ட நூல், இங்குள்ள தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகங்களிலும் இம்முறை இயங்கிய விதத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

சொத்துரிமை பற்றியதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு வீட்டுக் காவலையும் தீர்மானித்தது. அக்காவின் வீட்டுக்குப் பக்கத்தில் தங்கையின் வீடு, அவர்களுக்குப் பின்னால் உம்மாவின் வீடு, ஒரு வேலிக்கு அப்பால் சாச்சியின் வீடு என்று பெண்வழி உறவு ஒரு கொத்தாக அமைந்தபோது, நான்கைந்து வீடுகளுக்கு நடுவிலிருந்த வேலி தடுப்பாக இருக்கவேண்டிய தேவை எழவில்லை. பிள்ளைகள் புகுந்து வரவும், குசினியிலிருந்து கறிக்கோப்பை கைமாறவும், பெண்கள் தெருவில் இறங்காமல் ஒரு வீட்டிலிருந்து மற்றதற்குப் போகவும் வேலிகளில் வழி விடப்பட்டிருந்தது. ஆண்கள் வயலுக்கும் கடலுக்கும் கடைக்கும் போன பகற்பொழுதில் ஊரைக் காத்தவர்கள் இந்தப் பெண்களே. புதிதாக ஒருவர் ஒழுங்கைக்குள் காலடி வைத்தால் அவர் யார் வீட்டைத் தேடி வந்தவர், யாருடைய உறவினர் என்பது அடுத்த சில நிமிடங்களில் வளவு வளவாகத் தெரிந்துவிடும். பூட்டு இருந்தது, ஆனால் அது பெட்டகத்துக்கும் நகைக்கும் நெல்லுக்கும் உரியதாக இருந்ததே தவிர, பகலில் வாசற்கதவுக்குரியதாக இருக்கவில்லை.

அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களான காரைதீவிலும் பாண்டிருப்பிலும் வீட்டுக்காவலில் நாய்க்கு ஓர் இடம் உண்டு. ஷாஃபிஈ சட்ட மரபைப் பின்பற்றும் இலங்கை முஸ்லிம்களிடையே நாயின் ஈரம் பட்டால் கழுவித் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற விதி கடுமையாகக் கடைப்பிடிக்கப்படுவதால், காவலுக்காக வளர்ப்பதற்கு மார்க்கச் சட்டத்தில் சலுகை இருந்தும், வீட்டு முற்றத்தில் நாய் கட்டுவது இவ்வூர்களில் வேரூன்றவில்லை. ஆகவே இரவில் குரைப்பொலி செய்யும் வேலையை மனிதரின் காதே செய்தது. பின்னிரவில் வேலியோலை சரசரத்தாலோ கூரையில் ஓடு நகர்ந்தாலோ ஒரு வீட்டில் எழும் குரல் நான்கு வீடுகளை எழுப்பிவிடும். இப்பகுதிக் கள்வர் கதவை உடைப்பதைவிட ஓட்டைப் பிரித்து இறங்குவதையே விரும்பியதால், இந்தக் காது கேட்கும் தூரம் உண்மையான அரணாக இருந்தது.

கடப்பு என்று இக்கரையில் வழங்கும் வேலி வாசலின் பணியையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். இரண்டு கம்புகளுக்கு நடுவே சாய்த்து வைத்த ஒரு தட்டியால் யாரையும் தடுக்க முடியாது. அது தடுப்பதற்காக வைக்கப்பட்டதும் அல்ல. வருபவர் நின்று அனுமதி கேட்கவேண்டிய எல்லையை அது காட்டியது. பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, அவ்வீட்டாருக்குச் சலாம் கூறிய பின்னரே நுழையவேண்டும் என்பதையும், திரும்பிப் போகும்படி சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதையும் குர்ஆனின் 24ஆவது அத்தியாயமான சூரா அந்நூர் விதிக்கிறது. மூன்று முறை சலாம் சொல்லியும் பதில் வராவிட்டால் போய்விட வேண்டும் என்பது நபிமொழி வழிவந்த நடைமுறை. அதே அத்தியாயம் ஸுபஹுத் தொழுகைக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாத் தொழுகைக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் வீட்டுச் சிறுவரும் பணியாளரும்கூடப் பெரியவர்களின் அறைக்குள் அனுமதி கேட்டே வரவேண்டும் என்கிறது. கடப்படியில் நின்று சலாம் சொல்லி, உள்ளிருந்து பெண்குரல் வந்தால் முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு பேசும் பழக்கம் இவ்விதியின் நாளாந்த வடிவம். பார்வையும் ஓர் அத்துமீறல் ஆகலாம் என்ற இந்த எண்ணமே பின்னால் மதிலின் கதையில் முக்கியமான இடத்தைப் பெறுகிறது.

பழைய ஒழுங்கை மாசற்றதாகச் சித்தரிப்பது நேர்மையாகாது. கள்வனைக் கண்ட அதே கண்கள் வளவுப் பெண்களின் போக்குவரவையும் கண்காணித்தன. வீட்டின் ஒவ்வொரு வாக்குவாதமும் அயலுக்குக் கேட்டது. சீதன வீட்டைக் கட்ட முடியாத தந்தையரின் துயரம் தலைமுறைகளுக்கு நீண்டது. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. மணமுறிவு நேர்ந்தால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியவர் கணவரே. மனைவி தன் உறுதியில், அதாவது தன் பெயரிலுள்ள காணிப் பத்திரத்தில், தன் சகோதரிகளின் நடுவில், தன் பிள்ளைகளுடன் இருப்பாள். தெற்காசியாவின் பெரும்பகுதியில் பெண்களுக்குக் கிடைக்காத ஒரு பாதுகாப்பு இது.

வளைகுடாவின் சுவர்

1973இல் எண்ணெய் விலை உயர்ந்ததைத் தொடர்ந்து வளைகுடா நாடுகள் தொழிலாளரை அழைக்கத் தொடங்கின. 1985இல் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட காலத்தில் கிழக்குக் கரையிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போவது வழமையாகிவிட்டது. அங்கு போனவர்கள் கண்ட குடியிருப்பு, மார்க்கத்தால் தமக்கு நெருக்கமானதாகவும் அமைப்பால் முற்றிலும் அந்நியமானதாகவும் இருந்தது. தெருவுக்கு முதுகு காட்டும் உயர்ந்த சுவர், ஆண் விருந்தினர் நுழைய ஒரு வாயில், குடும்பத்தார் நுழைய மற்றொரு வாயில், ஆண்கள் வாயிலை ஒட்டியே மஜ்லிஸ் எனப்படும் வரவேற்பறை, அதிலிருந்து வீட்டின் உட்பகுதி தெரியாதபடி திருப்பிவிட்ட நடை என்று எல்லாமே பார்வையை மறிப்பதற்காகத் திட்டமிடப்பட்டிருந்தன.

இந்தச் சுவருக்கு ஒரு வரலாறு உண்டு. அரேபியாவின் பழைய நகரங்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று, நடுமுற்றத்தை நோக்கித் திறந்திருந்தன. வெளிச்சுவரில் சன்னல்கள் குறைவு என்பதால் தனியே மதில் தேவைப்படவில்லை. 1950களில் ரியாதின் அல்மலஸ் பகுதியிலும், அரம்கோ எண்ணெய் நிறுவனம் தன் ஊழியருக்காகக் கிழக்கு மாகாணத்தில் வகுத்த வீட்டுத் திட்டங்களிலும் நாற்சதுரக் காணிகளின் நடுவே நிற்கும் வில்லா அறிமுகமானது. காணியின் எல்லையிலிருந்து இவ்வளவு தூரம் விட்டுத்தான் கட்டவேண்டும் என்ற விதியால் வீடு நடுவுக்குத் தள்ளப்பட்டு, சன்னல்கள் அண்டை வீட்டை நோக்கித் திரும்பின. பெண்களின் மறைப்புக்கு அதனால் நேர்ந்த குறையை ஈடுசெய்யவே சுவர்கள் உயர்ந்தன. உயர்த்திய சுவரும் போதாதபோது அதன் மேல் தகரத் தகடுகள் நிறுத்தப்பட்டன. ஆகவே வளைகுடா மதில் பிறந்ததற்கு முதற்காரணம் கள்வன் அல்லன், அயலவனின் கண்.

களவைத் தடுக்கும் வேலையை அங்கே சுவரைவிட அதிகமாகச் செய்தது வேறொன்று. கஃபாலா எனப்படும் பொறுப்பாளர் முறையில் வெளிநாட்டுத் தொழிலாளியின் தங்கும் உரிமை ஒரு தொழில் கொடுப்பாளரின் கையில் இருந்தது. குற்றத்தின் சந்தேகமே வேலையையும் நாட்டில் இருக்கும் உரிமையையும் ஒருங்கே பறித்துவிடக்கூடியதாக இருந்தது. தொழிலாளர் பெரும்பான்மையாக வாழும் நகரங்களில் தெருக்கள் அமைதியாக இருப்பதைக் கண்டு வியந்து ஊர் திரும்பியோர் பலர். அந்த அமைதியின் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தவர்கள் தாங்களே என்பதை அவர்களில் பலர் பேசுவதில்லை. அடுக்குமாடிக் கட்டடங்களில் நாத்தூர் எனப்படும் காவலாளி வாசலில் இருப்பார். அவரும் பெரும்பாலும் தெற்காசியரே. டுபாயில் 2016இல் பாதுகாப்புத் தொழிலை ஒழுங்குபடுத்தும் தனி முகவரகம் ஒன்றே அமைக்கப்பட்டு, கமெராக்களும் காவற் சேவைகளும் அதன் விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டன.

வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றோர் அதே சுவரை மறுபக்கத்திலிருந்து அறிந்தார்கள். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2007 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, சவூதி அரேபியா, குவைத், லெபனான், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் பணிபுரிந்த இலங்கைப் பெண்கள் வீட்டுக்குள் அடைத்து வைக்கப்பட்டதையும் கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டதையும் பதிவு செய்தது. தன் பெயரில் வீடும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் உம்மாவும் சகோதரிகளும் இருந்த ஒரு பெண், வெளியிலிருந்து பூட்டப்பட்ட கேற்றுக்குள் வேறொருவரின் வீட்டைக் காத்தாள். அவள் அனுப்பிய பணத்தில்தான் ஊரில் பல வளவுகளின் வேலி மதிலாயிற்று. அவள் இல்லாத ஆண்டுகளில் பிள்ளைகளைக் காத்ததும் மதில் அன்று. அதே வளவில் இருந்த உம்மாவின் உம்மாவும் சாச்சிமாரும்தான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாடு செல்வதைத் தடுத்து 2013இல் அரசு கொண்டுவந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, பிள்ளைகளின் நலனைக் காரணமாகக் காட்டியபோதும், பெண்வழி உறவுக் கொத்தின் இந்தப் பணியைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

கதவும் தெருவும்

இங்கிலாந்துக்குச் சென்றவர்களுக்கு எதிர்மாறான காட்சி காத்திருந்தது. தெருவையொட்டிய முன்வாசலுக்கு இடுப்பளவு சுவர், சில இடங்களில் அதுவும் இல்லை. திரை விலகியிருந்தால் தெருவிலிருந்தே இருக்கையறை தெரியும். தபாற்காரர் கடிதத்தைப் போடக் கதவிலேயே ஒரு நீள்துளை. காவல் முழுவதும் கதவின் பூட்டில் குவிந்திருக்கிறது. 1860களில் அமெரிக்கரான லைனஸ் யேல் உருவாக்கிய ஊசித்தண்டுப் பூட்டின் வழிவந்தவை பல, கதவைச் சாத்தியவுடன் தாமாகவே பூட்டிக்கொள்ளும். சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து நிற்பது, வாசற்கதவைத் திறந்தே போட்டுப் பழகிய கல்முனையாருக்கு அங்கே கிடைக்கும் முதற்பாடங்களுள் ஒன்று. இன்ன தரப் பூட்டு போட்டிருந்தால்தான் இழப்பீடு தரமுடியும் என்று காப்புறுதி நிறுவனங்கள் நிபந்தனை வைப்பதால், களவு என்பது அங்கே அயலின் விடயமாக இருப்பதைவிடப் பத்திரத்தின் விடயமாக இருக்கிறது. தென்கொரியாவுக்குத் தொழிலாளராகச் சென்ற இலங்கையர் கண்ட குடியிருப்புகள் பலவற்றில் சாவியே இல்லை. இலக்கங்களை அழுத்தித் திறக்கும் மின்பூட்டு அந்நாட்டு அடுக்குமாடிகளில் எங்கும் பரவியிருக்கிறது.

ஆனால் அதே இங்கிலாந்து தான் தொலைத்ததை ஒரு கட்டத்தில் தேடத் தொடங்கியது. செஷயர் கவுண்டியிலுள்ள மொலிங்டன் என்ற சிற்றூரில் 1982இல் அந்நாட்டின் முதலாவது அயற்காவல் திட்டம் தொடங்கியது. ஒருவர் வீட்டில் இல்லாதபோது பக்கத்து வீட்டார் கவனித்துக்கொள்வது, சந்தேகமான நடமாட்டத்தைப் பொலிஸாருக்குச் சொல்வது என்பனவே அதன் உள்ளடக்கம். கல்முனைக் கரையில் சகோதரிகளின் வளவுகள் கேளாமலே செய்த வேலைக்கு அங்கே உறுப்பினரும் சன்னலில் ஒட்டும் அடையாளத் தாளும் தேவைப்பட்டன. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1961இல், அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் பெருநகரங்களைப் பற்றி எழுதிய நூலில், தெருவைப் பாதுகாப்பது முதன்மையாகப் பொலிஸார் அல்லர், தெருவை நோக்கித் திறந்திருக்கும் வீடுகளிலும் கடைகளிலும் உள்ள மனிதரின் கண்களே என்று வாதிட்டிருந்தார். நகரத் திட்டமிடலில் அந்தக் கருத்து இன்று பாடநூல் அறிவாகிவிட்டது.

வீட்டின் எல்லையை மதிப்பதில் இரு மரபுகளும் ஓரிடத்தில் சந்திப்பதையும் கவனிக்கலாம். 1604ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம், அரசரின் அதிகாரியே ஆனாலும் கதவை உடைப்பதற்கு முன் தான் வந்த காரணத்தை அறிவித்துத் திறக்கும்படி கேட்கவேண்டும் என்று தீர்மானித்தது. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை வீட்டுக்குள் அத்துமீறுவதைப் பொதுவான அத்துமீறலைவிடப் பாரிய குற்றமாக வைத்து, இரவில் வீடுடைப்பவனுக்கு எதிரான தற்காப்புக்கு மிக விரிந்த உரிமையையும் கொடுத்தது. கடப்படியில் நின்று சொல்லப்படும் மூன்று சலாமும், நீதிமன்றம் கேட்ட அந்த அறிவித்தலும் ஒரே மரியாதையிலிருந்து பிறந்தவை.

வேலி மதிலான காலம்

கல்முனைக் கரையில் மதில் உயர்ந்ததற்கு வளைகுடாப் பணம் வழி செய்தது என்றால், உள்நாட்டுப் போர் அதற்கு அவசரத்தைக் கொடுத்தது. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அதன்பின் எட்டாம் நாள் இரவு ஏறாவூரில் வீடு வீடாகப் புகுந்து உறங்கிக்கொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். அதே ஆகஸ்ட் 12ஆம் திகதி சம்மாந்துறைக்கு அண்மையிலுள்ள வீரமுனையில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதும், அதில் ஊர்காவல் படையினருக்குப் பங்கிருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டதும் இக்கரையின் நினைவில் ஆறாமலிருக்கின்றன. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி அடுத்தடுத்து அமைந்த ஒரு கரையில், அயலூர் என்பதே அச்சத்தின் பெயரானபோது, கிடுகு வேலிக்குப் பின்னால் உறங்க யாருக்கும் மனம் வரவில்லை. கல்லால் கட்டியவர்களைக் குறைசொல்ல எவருக்கும் தகுதியில்லை.

ஆயினும் துப்பாக்கியுடன் வருபவனை மதில் தடுப்பதில்லை என்பதை அந்த இரவுகளே காட்டிவிட்டன. ஊரைக் காத்தது முறை வைத்து விழித்திருந்த இளைஞரும், பள்ளிவாசல் ஒலிபெருக்கியும், குடிகளின் சார்பில் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த மரைக்காயர்கள் ஊரை ஒன்றுகூட்டும் திறனும்தான். போர் முடிந்த பின்னும் இது மாறவில்லை. 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம் என்றும் மர்ம மனிதன் என்றும் பேசப்பட்ட இனந்தெரியாதோர் இரவில் பெண்களைத் தாக்குவதாகக் கிழக்கெங்கும் பீதி பரவியபோது, மதிலுள்ள வீட்டுப் பெண்களும் மதிலற்ற வீட்டுப் பெண்களும் ஒருசேரச் செய்தது ஒன்றே: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உம்மாவின் வீட்டிலோ சகோதரியின் வீட்டிலோ ஒன்றாகப் படுத்தார்கள்.

2019 ஏப்ரல் 26 நிகழ்வு இன்னும் கூர்மையான சான்று. உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் ஐந்தாம் நாள், சாய்ந்தமருதில் சுனாமியால் வீடிழந்தோருக்காக அமைந்த குடியிருப்பொன்றில் வாடகைக்கு வந்திருந்த புதியவர்களின் நடத்தையில் ஐயம் கொண்டது அயலவரும் பள்ளிவாசல் சார்ந்தோரும்தான். யாரென்று விசாரித்தவர்களும், பொலிஸாருக்குச் செய்தி கொண்டுபோனவர்களும் அவர்களே. அன்றிரவு அவ்வீட்டில் நடந்த வெடிப்பிலும் துப்பாக்கிச் சண்டையிலும் ஆறு சிறுவர் உட்படப் பதினைந்து பேர் இறந்தனர். அச்சிறுவரின் முடிவு யாரையும் உலுக்கும். அதற்குமேல் பரவ இருந்த அழிவை மறித்தது, ஒழுங்கைக்குள் புதிதாக வந்தவர் யார் என்று கேட்கும் பழைய வளவுப் பழக்கம் என்பதை இந்த ஊர் மக்களுக்கு நாடு இன்னும் உரிய முறையில் சொல்லவில்லை. அதற்குப் பின் இவ்வூர்களில் கமெராக்கள் வேகமாகப் பெருகின. கமெரா நடந்ததைப் பதிவு செய்யும். வந்தவரிடம் யார் என்று கேட்பதற்கு ஒரு மனிதர் வாசலில் நிற்கவேண்டும்.

மதிலின் நடைமுறைக் குறைகளும் சிறியனவல்ல. தெருவின் பார்வையிலிருந்து வீட்டை மறைக்கும் சுவர், ஒருமுறை ஏறிக் குதித்துவிட்டவனையும் அதே பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. அதன்பின் அவன் ஆறுதலாக வேலை பார்க்கலாம். வளைகுடாவில் மறைப்புக்காக எழுந்த வடிவத்தை இங்கே காவலுக்காக எடுத்துக்கொண்டதன் விளைவு இது. தாழ்ந்த மணற்கரையான இந்நிலத்தில் 2011 ஜனவரியில் வந்தது போன்ற வெள்ளங்களின்போது, வேலிக்கால்களினூடாக ஓடிவிடும் நீர் மதிலடியில் தேங்குகிறது. இவை பொறியியலால் திருத்தக்கூடியவை. சகோதரிகளின் வீடுகளுக்கு நடுவேயும் மதில் எழும்பும்போது அறுபடுவதைப் பொறியியல் திருத்தாது.

உறுதியில் யார் பெயர்

வளவுக் கொத்தைக் குலைத்ததில் மதிலைவிடப் பெரிய பங்கு கடலுக்கு உண்டு. 2004 டிசெம்பர் 26இல் சுனாமி அலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. இலங்கையில் மிகுதியான உயிர்கள் போனது இம்மாவட்டத்தில்தான். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடற்பக்கக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக அழிந்தன. பின்னர் அரசு வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றர் வரை வீடு கட்டக்கூடாது என்ற எல்லையை முதலில் வகுத்து, பிறகு அதைத் தளர்த்தியது. கல்முனைப் பகுதியில் அவ்வெல்லையான 65 மீற்றர் இன்றும் ஒரு வீட்டுத் திட்டத்தின் பெயராகவே வழங்குகிறது. எல்லைக்குள் சிக்கியவர்கள் வீட்டுத் திட்டங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் அனுப்பப்பட்டனர். ஒரே வளவில் இருந்த மூன்று சகோதரிகள் மூன்று இடங்களில் வீடு பெற்றனர்.

அதோடு மற்றொரு மாற்றமும் சத்தமின்றி நிகழ்ந்தது. குடும்பத் தலைவர் என்ற அரச வகைப்பாட்டுக்குள் பொதுவாக ஆணே வருவதால், புதிய வீடுகள் பல ஆணின் பெயரில் பதியப்பட்டன. பெண்ணின் சீதன வீட்டை அலை அழித்தது. அதற்கு ஈடாக வந்த வீடு அவளுடையதாக வரவில்லை. மக்கில்வ்ரேயும் பட்ரீசியா லோரன்ஸும் சுனாமிக்குப் பிந்திய கிழக்கிலங்கை வீடுகள் பற்றிச் செய்த ஆய்வு இச்சிக்கலை எடுத்துக்காட்டியது. பெற்றோரில் பலர் அவ்வீடுகளையும் மகளுக்குச் சீதனமாகக் கைமாற்றிப் பழைய முறைக்குள் கொண்டுவர முயன்றனர் என்பது இம்முறையின் உயிர்ப்புக்குச் சான்று. இன்னொரு பக்கம், சவூதி அரேபியாவின் நிதியில் நுரைச்சோலையில் கட்டப்பட்ட 500 வீடுகள், இன விகிதம் தொடர்பான வழக்கின் காரணமாகப் பகிரப்படாமல் ஆண்டுக்கணக்கில் காடு மூடிக் கிடந்தன. எல்லாச் சுவரும் கூரையும் இருந்தும் ஒரு குடும்பமும் இல்லாத அந்த வீடுகளின் கதவுகளும் சன்னல்களும் சிதைந்துபோனதில் வியப்பில்லை.

மறைப்பு வேண்டும் என்பது இவ்வூர்ப் பெண்களின் நியாயமான தேவை. அது மார்க்கத்தின் கட்டளையும் கூட. ஆனால் மறைப்புக்கும் காவலுக்கும் ஒரே சுவர் போதும் என்ற எண்ணத்தைக் கைவிட முடியும். தெருப்பக்கத்தில் இடுப்பளவுக்குக் கல்லும் அதற்கு மேல் கண் ஊடுருவும் கிறிலும் வைத்து, குசினியும் கிணற்றடியும் உள்ள பின்வளவை மட்டும் உயர்ந்த சுவரால் மறைத்தால், பெண்களின் தனிமையும் காக்கப்படும். தெருவின் கண்களும் வாசலில் இருக்கும். சகோதரிகளின் வீடுகளுக்கு இடையே மதில் கட்டினாலும் அதில் ஒரு சிறு கதவு விடுவதற்குச் செலவு அதிகமில்லை. கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் மாநகர சபையும் பிரதேச சபைகளும் இத்தகைய அமைப்பை ஊக்குவிக்கலாம். மின்சாரமும் கமெராவும் நின்றுபோகும் இரவுகளிலும் வேலை செய்யும் ஏற்பாடு அது.

அதைவிட முதன்மையானது உறுதி. இனி இக்கரையில் அரசோ கொடையாளரோ எந்த வீட்டுத் திட்டத்தைக் கையளித்தாலும், பயனாளிப் பட்டியலைத் தயாரிக்கும் பிரதேச செயலகங்கள் வீட்டைப் பெண்ணின் பெயரில் எழுதவும், தாயும் மகள்மாரும் கேட்டால் அடுத்தடுத்த இலக்க வீடுகளை ஒதுக்கவும் வேண்டும். குலுக்கல் முறையில் வீடு கொடுப்பது பாரபட்சத்தைத் தவிர்க்கும் என்பது உண்மை; ஒரு குடும்பக் கொத்துக்கு ஒரு சீட்டு என்று குலுக்கினாலும் அதே நேர்மை கிடைக்கும்.